அம்மா சொன்ன ஸ்தோத்திரங்கள்

புதுச்சத்திரம் தாண்டி இரண்டு மைல் போனதும் கார் இடது பக்கமாய் இழுத்தது. டிரைவர் உத்திராபதி வண்டியை ஒரு புளியமரத்தடியில் ஒதுக்கி நிறுத்திவிட்டு இறங்கினார். பின்சீட்டில் அம்மாவின் தலையை மடியில் வைத்திருந்த அருமைநாயகம் அசையவில்லை. அசைந்தால் தலை உருளும். சிதம்பரத்தில் கிளம்பியதிலிருந்து அந்தத் தலையைப் பிடித்தபடியே வந்ததில் இடது கை மரத்துப் போயிருந்தது. அம்மாவின் கால்கள் சின்னம்மா ரூபவதியின் மடியில் இருந்தன.

"பஞ்சருங்க," என்றார் உத்திராபதி. "அர மணி நேரம் ஆவும். இந்த மாதிரி நேரத்துல நிக்கக்கூடாதுதான். இன்னா பண்றது, நேத்துதான் டியூப்பு மாத்துனேன்."

முன்சீட்டிலிருந்த அப்பா மாசிலாமணி கதவைத் திறந்து இறங்கி மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"நெழல்ல நின்னுச்சே. ஸ்தோத்திரம்."

ஜாக்கியை எடுத்துக்கொண்டிருந்த உத்திராபதி நிமிர்ந்தார். "பஞ்சருக்குமா சாமி ஸ்தோத்திரம்?"

"பஞ்சருக்கு இல்லப்பா. நெழலுக்கு."

அருமைநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் அம்மாவின் முகத்தை மூடியபோதும் அப்பாவின் வாயில் முதலில் வந்தது அந்தச் சொல்தான். காருக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்து ஒருவழியாகக் கிடைத்தபோதும் அதே சொல். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று உள்ளே வந்தபோதும் அதே சொல்.

"போதும்ப்பா," என்றான்.

அப்பா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சாலையோரப் புல்லில் மெதுவாக நடந்தார். நாலடி போவதும் திரும்புவதுமாக இருந்தார். கடற்கரைக்குக் காற்று வாங்க வந்தவரைப் போல இருந்தது. பெண்டாட்டி செத்துக் கிடக்கிறாள், இவருக்குப் புல் கேட்கிறது என்று நினைத்தான். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டான். வெட்கப்பட்டதற்காகவும் கோபம் வந்தது.

"மாமா," என்று சின்னம்மா உள்ளேயிருந்தே கூப்பிட்டாள். "நெழல் இருக்கட்டும். எங்கக்காவ நீங்க ஸ்தோத்திரம் சொல்ல வெச்சே கொன்னுட்டீங்க."

அப்பாவின் நடை ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது. உத்திராபதி தலையைச் சக்கரத்துக்குள் விட்டுக்கொண்டார்.

கடலூர் முதுநகரில் அவர்கள் சபைத் தெருவில் அது ஒரு பழக்கம். காலரா வந்து போன வருஷத்தில் இருந்த ஒரு போதகர் ஏற்படுத்தியது. விளக்கேற்றும் நேரத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அன்றைக்கு நடந்ததில் ஒன்றைச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். பெரிதாகச் சொல்லக்கூடாது. பொய்யாகச் சொல்லக்கூடாது. நேற்றைக்குச் சொன்னதை இன்றைக்குச் சொல்லக்கூடாது. ஒருவர் சொன்னதும் மற்றவர்கள் 'ஸ்தோத்திரம்' என்பார்கள். மற்ற வீடுகளில் அது நாளடைவில் நின்றுபோயிற்று. மாசிலாமணி வீட்டில் நிற்கவில்லை. துறைமுக ஆபீசில் பியூன் வேலை பார்த்த அவர் வருஷா வருஷம் ஒரு கப்பல் ஏஜெண்டு கொடுக்கும் டைரியைக் கொண்டுவருவார். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா சுகிர்தம் தன் பங்கைச் சொல்ல, அருமைநாயகம் எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வருஷமாக அவன் எழுதி வருகிறான். தேதி, கிழமை, வரிசை எண், அதற்கு நேரே ஒரு வரி. ஒரு நாளும் விட்டதில்லை, அம்மா சிதம்பரத்தில் தங்கையின் வீட்டில் இருந்த இந்தப் பத்து நாள் தவிர.

யாராவது சுகம் விசாரித்தாலும் அந்தத் தெருவில் பதில் ஒன்றுதான்: ஸ்தோத்திரம், சுகமாயிருக்கேன்.

ஜூலை கடைசியில் அம்மா இளைத்துக்கொண்டே போவதைப் பார்த்து அவனே மஞ்சக்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனான். "என்னம்மா செய்யுது?" என்று டாக்டர் கேட்டார். "ஸ்தோத்திரம் ஐயா. ஒண்ணும் செய்யல. இவந்தான் பயப்படறான்," என்றாள் அம்மா. டாக்டர் சிரித்தார். வயிற்றைத் தொட்டுப் பார்க்க வந்தவரிடம், "வாயுதான் ஐயா," என்று புடவையை இழுத்து மூடிக்கொண்டாள். ஒரு டானிக்கும் ஒரு பொடியும் எழுதிக் கொடுத்தார். அருமைநாயகம் பக்கத்தில்தான் நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. ஆறு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் டைப்ரைட்டிங் கிளாஸ். சுவரில் கடிகாரம் ஐந்து இருபது காட்டியது.

சனிக்கிழமை அம்மா சின்னம்மா வீட்டுக் கிணற்றடியில் விழுந்தாள். தகவல் வந்து அப்பாவும் அவனும் ஓடினார்கள். சிதம்பரத்து டாக்டர் இளைஞர். அவர் கேட்டது ஒரே கேள்விதான். "எத்தன மாசமா வலி?" அப்பா அவனைப் பார்த்தார். அவன் சின்னம்மாவைப் பார்த்தான். மூவருக்கும் தெரியவில்லை. "வயித்துல கட்டி. நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு டாக்டர் வெளியே போய்விட்டார்.

*

வீட்டுக்கு வந்து சேரும்போது மணி பதினொன்று. வாசலில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அம்மாவைக் கிடத்தினார்கள். எதிர்வீட்டுச் செல்லாயி தலையில் அடித்துக்கொண்டு வந்து விழுந்தாள். அவள் சபையைச் சேர்ந்தவள் அல்ல. அழுதபிறகு அவளேதான் அம்மாவைக் குளிப்பாட்டவும் நின்றாள்.

போதகர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். நாலு மணிக்கு அடக்கம் என்று முடிவாயிற்று. தச்சர் பெட்டி செய்துகொண்டிருந்தார். போதகர் அருமைநாயகத்தைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, ஜீவிய சரித்திரம் ஒரு பக்கம் எழுதிக் குடு. உன் கையெழுத்துன்னா எனக்குக் கண்ணாடி வேணாம். பொறந்த வருஷம், ஞானஸ்நானம், கல்யாணம். எப்பலேர்ந்து சொகமில்லாம இருந்தாங்கன்னு ஒரு வரி."

"சரிங்கய்யா."

"பெட்டி மூடறதுக்கு முன்னால வீட்டார் ஸ்தோத்திரம் இருக்கு. நீ ஒண்ணு சொல்லணும்."

"நான் சொல்லல ஐயா."

போதகர் அவன் முகத்தைப் பார்த்தார். "கட்டாயம் ஒண்ணுமில்ல."

"கட்டாயந்தான்," என்றார் பின்னால் வந்து நின்ற அப்பா. "அவளுக்கு இருக்கறது ஒரே புள்ள. அவன் சொல்லாம பெட்டிய மூட வேணாம்."

"எதுக்குச் சொல்லணும்ப்பா? செத்ததுக்கா?"

"செத்ததுக்கு எவன் சொல்லச் சொன்னான்?"

"அப்ப எதுக்கு? வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லத் தெரியாம பண்ணி வெச்சீங்களே, அதுக்கா?"

கத்திவிட்டான். வாசலில் அழுகை நின்றது. அப்பா, "நாலு மணிக்குச் சொல்லு," என்று மட்டும் சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்.

அருமைநாயகம் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறந்த வருஷம் உத்தேசமாக. ஞானஸ்நானம், கல்யாணம் இரண்டும் பைபிளின் முதல் பக்கத்தில் இருந்தன. சுகமின்மை தொடங்கியது எப்போது? அறுபத்தாறாம் வருஷத்து டைரியை எடுத்தான். டைரியில் எல்லாம் இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. மேயிலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தான். ஒன்றுமே இல்லை.

'ஜூன் 14. செவ்வாய். இன்று நல்ல உறக்கம் தந்ததற்காக.'

'ஜூன் 22. புதன். அண்டை வீட்டாரின் அன்புக்காக.'

'ஜூலை 3. ஞாயிறு. போதிய ஆகாரத்துக்காக.'

என்ன அழகான எழுத்து. கோர்ட்டில் நகல் எழுத்தராக அவனைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டதே அந்த எழுத்துக்காகத்தான். பத்து மாதமாக வாதியும் பிரதிவாதியும் சொன்னதைத் திருத்தமான பாஷையில் நகலெடுத்துக்கொண்டிருக்கிறான். ஒரு மனுஷி நாலு மாதமாக உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருந்தபோது போதிய ஆகாரத்துக்காக நன்றி சொல்லியிருக்கிறாள். அவனுக்கு டைரியைச் சுவரில் வீசலாம் போலிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு செல்லாயி ஒரு தம்ளர் காப்பியோடு வந்தாள். "இத்தக் குடி தம்பி. வெறும் வயித்தோட எத்தினி நேரம் இருப்ப."

"செல்லாயிக்கா, அம்மாவுக்கு எப்பலேர்ந்து ஒடம்பு முடியல? ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? தண்ணி சேந்திக்கினு வர்றப்ப நடுவால ஒக்காந்துக்கும். நாந்தான் ஒரு நாளு கொடத்தப் புடுங்கியாந்து வாசப்படில வெச்சேன். அன்னிலேர்ந்து நாந்தான் தூக்கறேன். இன்னாத்துக்கு மறைக்கிறன்னு கேட்டா, மறைக்கலடி, எம்புள்ளைக்குத் தெனம் சொல்லிக்கினுதான் இருக்கேன், அவன் எழுதிக்கினுதான் இருக்கான்னுச்சி."

"எங்கிட்டயா?"

"நீ பொஸ்தவத்துல எழுதறன்னு சொல்லிச்சே." செல்லாயி அவன் கையிலிருந்த டைரியைக் காட்டினாள். "இதுலதான?"

அவள் போனபிறகு அவன் நெடுநேரம் ஜூன் 22 என்ற தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்டை வீட்டாரின் அன்புக்காக. அம்மா அப்படிப் பேசியே அவன் கேட்டதில்லை. அண்டை வீட்டார் என்ற வார்த்தை அவள் வாயில் வராது. அன்று அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். கிளாஸிலிருந்து வந்த அவன் சட்டைகூடக் கழற்றாமல் பேனாவைத் திறந்தான். அவள் சொன்னது: 'செல்லாயி கொடத்த எங் கையிலேர்ந்து வாங்கி வாசப்படி வரைக்கும் தூக்கியாந்தா.' அது நீளமாக இருந்தது. ஒரு வரிக்குள் அடங்காது. டைரியில் எழுதும் பாஷையாகவும் இல்லை. எனவே அவன் திருத்தினான்.

மேசையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து அந்த வரிக்கு மேலே அவள் சொன்னதை எழுதினான். ஜூன் 14க்குப் போனான். ஜூலை 3க்குப் போனான். சில வந்தன. சில வரவில்லை. எழுதியது அவள் சொன்னதா, இப்போது தான் கற்பிப்பதா என்று பயமாக இருந்தது. நிச்சயமில்லாத இரண்டை ரப்பரால் அழித்தான். கடைசியில் ஐந்து நின்றன. ஐந்தாவதை எழுதியபிறகு அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றான். ஜீவிய சரித்திரத் தாளில் சுகமின்மை தொடங்கிய தேதிக்கு நேரே இன்னும் வெற்றிடம் இருந்தது. 'ஜூன் 14' என்று அதில் எழுதினான்.

*

நாலு மணிக்குக் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. பெட்டி வாசலில் இருந்தது. தச்சர் சுத்தியலைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். போதகர் ஜெபம் செய்தார். ஜீவிய சரித்திரத்தை வாசித்தார். ஜூன் 14 என்று வந்தபோது ஒரு நொடி தயங்கி, கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார்.

"வீட்டார் ஸ்தோத்திரம்," என்றார் முடிவில்.

சின்னம்மா முன்னே வந்தாள். "எங்கக்கா பத்து நாளு எங்கூட இருந்தா. தலை வாரி உட்டேன்."

"ஸ்தோத்திரம்," என்றது தெரு.

அப்பா பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இன்னைக்கு அவ மொகம் சுருங்காம இருக்கு."

"ஸ்தோத்திரம்."

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். மதியம் அவன் கத்தியது தெருவுக்கே தெரியும். சொல்வானா மாட்டானா என்று பார்க்கவே சிலர் கிட்டே வந்து நின்றதுபோல் இருந்தது. அவன் டைரியைத் திறந்தான்.

"நான் அம்மா சொன்னதப் படிக்கிறேன். நான் எழுதுனத இல்ல. அவுங்க சொன்னது." பென்சில் வரியில் விரலை வைத்தான். "ஜூன் பதினாலு. தலகாணிய வயித்துல அண்டக் குடுத்துக்கினு குப்புறப் படுத்தேன். விடியக்கால ஒரு மணி நேரம் கண்ணசந்துச்சி."

"ஸ்தோத்திரம்," என்றார்கள் பழக்கத்தில், உரக்கவே.

"ஜூன் இருவத்திரெண்டு. செல்லாயி கொடத்த எங் கையிலேர்ந்து வாங்கி வாசப்படி வரைக்கும் தூக்கியாந்தா."

"ஸ்தோத்திரம்." செல்லாயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ஜூலை மூணு. இன்னைக்கு கஞ்சி வயித்துல நின்னுச்சி. வெளிய வரல."

சிலர்தான் சொன்னார்கள். ஒருவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஜூலை பதினேழு. கோயில்ல கடைசி பெஞ்சில எடம் கெடச்சிது. யாருக்கும் தெரியாம எந்திரிச்சி வெளிய போவ முடிஞ்சிது."

அப்பாவின் குரல் மட்டும் கேட்டது, உடைந்து, பாதிச் சொல்லாக. மணி நின்றிருந்தது. போதகர் தலையைக் குனிந்துகொண்டார்.

ஐந்தாவதைப் படிக்க வேண்டாம் என்று அவன் நினைத்தான். அது அவனைப் பற்றியது. தன்னைக் காட்டிக்கொள்வதுபோல் ஆகிவிடுமோ என்றிருந்தது. டைரியை மூடப்போனவன், பெட்டிக்குள் பார்த்தான். அப்பா சொன்னது சரி. முகம் சுருங்காமல் இருந்தது. அப்படியானால் இத்தனை நாள் சுருங்கியிருந்திருக்கிறது.

"ஆகஸ்ட் எட்டு," என்றான். "நீ டைப்பு கிளாஸுக்கு நேரத்தோட போயிட்ட. நீ போனப்பறந்தான் வந்துச்சி."

யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அந்த வரிக்குக் கீழே மையில் 'பிள்ளையின் கல்விக்காக' என்று இருந்தது. எது வந்தது என்று அன்றைக்கு அவன் கேட்கவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்துவிட்டான்.

அப்பா தச்சரைப் பார்த்துத் தலையசைத்தார்.

*

கல்லறையிலிருந்து திரும்பிக் குளித்துவிட்டு வந்தபோது வெயில் இறங்கிவிட்டிருந்தது. செல்லாயி சோறும் ரசமும் கொண்டுவந்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள். சின்னம்மா உள்ளே படுத்திருந்தாள். அம்மா உட்காரும் இடத்தில் யாரும் உட்காரவில்லை. அப்பா அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"டைரிய எடு," என்றார்.

"இன்னைக்குமாப்பா?"

"வெளக்கேத்தற நேரமாச்சி."

அவனுக்கு மறுபடி எரிச்சல் தலைதூக்கியது. இந்த மனுஷருக்கு எதுவும் உறைக்காதா? பெட்டிக்கு முன்னால் அத்தனையையும் கேட்டுவிட்டு வந்தும் விளக்கு, டைரி, பேனா. ஆனாலும் எழுந்துபோய் விளக்கை ஏற்றினான். டைரியைப் பிரித்தான். 'செப்டம்பர் 6. செவ்வாய்.' வரிசை எண் போட்டான். அப்பாவின் பங்கை எப்போதும் அவரேதான் எழுதுவார். இன்றைக்கு அவர் பேனாவுக்குக் கை நீட்டவில்லை.

"நான் சொல்றேன். நீ எழுது." சற்று யோசித்தார். "சொன்னபடி எழுது."

"சொல்லுங்க."

"அந்தப் புளியமரத்தண்ட புல்லு இருந்துச்சி. செருப்பக் கழட்டிட்டு நடந்தா கொஞ்சம் தேவலயா இருந்துச்சி."

'புல்வெளியில் நடக்க' என்று பேனா தானாகவே எழுதிவிட்டது. அருமைநாயகம் நிறுத்தினான். அதை அடித்தான். அப்பா சொன்னதை முதலிலிருந்து ஒவ்வொரு சொல்லாக எழுதினான். 'தேவலயா இருந்துச்சி' என்ற இடம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தான்.

"என்ன தேவலயா இருந்துச்சிப்பா?"

அப்பா வேட்டியின் கரையை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் அந்தச் செருப்புகள் கிடந்தன. இரண்டு வார்களிலும் கொக்கியை அவிழ்த்துக் கடைசித் துளைக்கு மாற்றியிருந்தது.

அவன் விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு அப்பாவின் காலடியில் போய் உட்கார்ந்தான். வேட்டியை முழங்கால் வரை விலக்கினான். பாதத்தின் மேல் வாரின் தடம் இன்னும் ஆழமாகப் பதிந்திருந்தது. தோல் வீங்கிப் பளபளவென்றிருந்தது. கணுக்கால் எலும்பு இருக்கும் இடம் தெரியவில்லை.

"எத்தன நாளா?" என்று கேட்டான்.

அப்பா வாயைத் திறந்தார். வரவிருந்த சொல் என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் விளக்கை இன்னும் கிட்டே வைத்தான். அப்பா வாயை மூடிக்கொண்டார்.

அருமைநாயகம் கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேலே அழுத்தினான். விரலை எடுத்தான். அங்கே ஒரு குழி விழுந்திருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குழி மேடேறவில்லை.